செவ்வாய்க்குள் பார்க்கிற கண், கரிசலுக்குள் ஏன் பார்க்கவில்லை?

திருமங்கலத்துக்கு மேற்கே சித்தப்பாவுக்கு மூன்று ஏக்கர் கரிசல் நிலம் இருக்கிறது. சென்ற கோடையில் அங்கே போர் போட்டார். நீரோட்டம் பார்க்கிறவர் ஒருவர் கவட்டை வேப்பங்குச்சியைப் பிடித்துக்கொண்டு நிலமெங்கும் நடந்து, குச்சி வளைந்த இடத்தில் குறி போட்டுக் கொடுத்தார். 700 அடி இறங்கிய பிறகும் குழாயிலிருந்து வெள்ளைப் புழுதிதான் எழுந்தது. போர் வண்டிக்காரர் அடிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்துப் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். அன்று இரவு தொலைக்காட்சியில், செவ்வாயின் தென் துருவப் பனிக்கு அடியில் நீர் இருக்கிறதா இல்லையா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா என் பக்கம் திரும்பினார். "அத்தனை கோடி மைலுக்கு அப்பால், ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பதைப் பார்க்கிறார்கள். என் நிலத்தில் 200 அடி பார்க்க முடியாதா?"

"முடியாது சித்தப்பா. உங்கள் மண்ணில் ஈரமும் களியும் இருக்கின்றன. அதனால்தான்" என்றேன். தண்ணீருக்காகக் கடன் வாங்கிய மனிதரிடம், ஈரம் இருப்பதால் தெரியவில்லை என்று சொன்னால் அது கேலியாகத்தான் படும். அவர் எழுந்து போய்விட்டார். ஆனால் சொன்னது உண்மை.

ராடார் என்பது ரேடியோ அலையை அனுப்பிவிட்டு, அது எதிலாவது பட்டுத் திரும்புகிறதா என்று காத்திருக்கும் கருவி. வானில் விமானம், கடலில் கப்பல் என்றால் விஷயம் எளிது. தரைக்குள் அனுப்பும்போது அலை எங்கே திரும்பும்? ஒரு பொருள் முடிந்து இன்னொரு பொருள் தொடங்கும் எல்லையில் திரும்பும். அந்த இரண்டு பொருள்களின் மின்பண்புகளும் எவ்வளவு வேறுபடுகின்றனவோ அவ்வளவு பலமாக எதிரொலி வரும். நம் இயற்பியல் பாடநூல்களில் ஒப்புமை விடுதிறன் என்று வருகிற எண்தான் இங்கே அளவுகோல். வெற்றிடத்துக்கு 1. பனிக்கட்டிக்கு 3-க்குச் சற்று மேல். உலர்ந்த மணலுக்கு 3 முதல் 5 வரை. நீருக்கு ஏறத்தாழ 80. இந்தத் தாவலைப் பார்த்தாலே, நீர்ப்பரப்பு ஏன் ராடாருக்குக் கண்ணாடிபோல் பளிச்சிடுகிறது என்று புரியும். அலையின் வேகமும் இந்த எண்ணைச் சார்ந்தே குறைகிறது. வெற்றிடத்தில் ஒரு நானோ விநாடிக்கு 30 சென்டிமீட்டர் ஓடுகிற அலை, பனிக்கட்டியில் 17, நீரில் 3 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். எதிரொலி வர எத்தனை நானோ விநாடி ஆயிற்று என்று எண்ணினால் ஆழம் கிடைத்துவிடும். இடையில் இருப்பது பனியா மணலா என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால்!

எதிரொலி வர வேண்டுமானால் அலை முதலில் உயிரோடு திரும்ப வேண்டும். சித்தப்பாவின் நிலம் தோற்பது இங்கேதான். ஈர மண்ணில் உப்புகள் கரைந்து அயனிகளாக அலைகின்றன. ரேடியோ அலையின் மின்புலம் அவற்றை ஆட்டுகிறது; ஆட்டத்தில் அவை அக்கம்பக்கத்தில் மோதி, அலையின் ஆற்றலை வெப்பமாக்கிக் கரைத்துவிடுகின்றன. கரிசலில் நிலைமை இன்னும் மோசம். அதில் மிகுந்திருக்கும் மாண்ட்மோரில்லோனைட் என்ற களிக்கனிமம் பழைய ஓலைக்கட்டுப் போன்றது: ஏட்டுக்கு மேல் ஏடாக அடுக்கியிருக்கும், ஏடுகளுக்கு நடுவே நீரையும் அயனிகளையும் பிடித்துவைத்துக்கொண்டு விடாது. ஐப்பசி மழையில் அந்த மண் உப்பிக் காலோடு அப்பிக்கொண்டு வருவதும், சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவதும் அந்தக் குணத்தால்தான். உலர்ந்த மணலில் பத்து மீட்டருக்கும் கீழே பார்க்கிற தரை ஊடுருவும் ராடார், ஈரக் களியில் ஒரு மீட்டரைத் தாண்டினாலே பெரிய காரியம்.

அலைநீளத்தைக் கூட்டினால் ஆழமாகப் போகாதா என்று கேட்கலாம். போகும். ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கி கட்டினால், நான்கு தெரு தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருப்பவருக்குப் பாட்டின் சொற்கள் கேட்காது, உறுமியின் 'தும் தும்' மட்டும் நெஞ்சில் இடிக்கும். ஒலியும் ரேடியோ அலையும் ஒன்றல்ல என்றாலும், நீண்ட அலை தடைகளைத் தாண்டுவதில் கெட்டி என்பது இரண்டுக்கும் பொருந்தும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. நூறு மீட்டர் நீளமுள்ள அலையால் கையகல வெடிப்பைப் பிரித்துப் பார்க்க முடியாது. போர் போடுகிறவருக்கு வேண்டியதோ பாறையில் அந்தக் கையகல வெடிப்புத்தான்.

மணலுக்கு அடியில் ஆறுகள்

தரைக்கு அடியில் ராடார் பார்க்கும் என்பதை உலகம் கண்ணால் கண்டது 1981 நவம்பரில். கொலம்பியா விண்வெளி ஓடத்தின் இரண்டாவது பயணம் அது. ஐந்து நாள் இருக்க வேண்டிய பயணம், மின்சாரம் தரும் எரிபொருள் கலம் ஒன்று பழுதானதால் இரண்டு நாளைச் சற்றே தாண்டியதோடு முடிந்தது. அதற்குள் எஸ்.ஐ.ஆர்.-ஏ என்ற ராடார் தன் வேலையை முடித்துவிட்டது. அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் சார்லஸ் எலாச்சி தலைமையிலான குழு உருவாக்கிய கருவி. அலைநீளம் சுமார் 23 சென்டிமீட்டர்.

அது கடந்துபோன இடங்களில் ஒன்று தெற்கு எகிப்துக்கும் வடக்கு சூடானுக்கும் நடுவில் சகாராவில் கிடக்கும் செலீமா மணல் விரிப்பு. சாதாரணப் புகைப்படத்தில் அங்கே ஒன்றுமே இராது. தட்டி நிரவிய களம்போல மணல், அவ்வளவுதான். ராடார் படத்தில் அதே இடத்தில் கிளை பிரிந்து ஓடும் ஆறுகள் தெரிந்தன. சில பள்ளத்தாக்குகள் நைல் பள்ளத்தாக்கின் அகலத்துக்கு நிகராக இருந்தன. படத்தில் அந்த ஆறுகள் கறுப்பாகத் தெரிந்ததற்கும் காரணம் உண்டு. பழைய ஆற்றுப் பள்ளத்தில் மணல் ஆழமாக நிரம்பியிருப்பதால் அலை உள்ளே போய்த் திரும்பவில்லை. இருபுறமும் மெல்லிய மணலுக்கு அடியில் கிடந்த கரடுமுரடான பாறை அலையைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பியதால் அங்கே வெளிச்சம். அதாவது, அந்தப் படத்தில் ஆறு என்பது பதில் வராத இடம்.

ஜான் மெக்காலி, ஜெரால்ட் ஷேபர், கரோல் பிரீட் முதலிய அமெரிக்க நிலவியலாளர்கள் இதை 1982-ல் வெளியிட்டார்கள். படத்தை நம்பி உட்கார்ந்துவிடவில்லை. பாலைவனத்துக்கே போய்க் குழி தோண்டிப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்தில் ஆற்றுச் சரளையும், நம்மூரில் சுக்கான்கல் என்கிறோமே, அதுபோன்ற சுண்ணாம்பு முடிச்சுகளும் கிடைத்தன. கூடவே பழைய கற்கால மனிதர்களின் கைக்கோடரிகளும் கிடைத்தன. ஆற்றங்கரையில் ஆள் இருந்திருக்கிறார்கள்.

இது சாத்தியமானதற்கு அந்த இடத்தின் கொடுமைதான் காரணம். அங்கே ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் இடையே பல பத்தாண்டுகள் கழியும். மணலில் ஈரம் ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. அதே ராடாரை வைகை மேல் பறக்கவிட்டால் மணலின் மேற்பரப்பைத்தான் பார்த்திருக்கும். நம் ஆற்றில் மேல்மணல் கொதித்தாலும், கையால் தோண்டினால் ஊற்றுக் கசிந்த காலம் உண்டு. (இன்று வைகையை மறைத்துக் கிடப்பது மணல்கூட இல்லை, ஆகாயத்தாமரையும் சீமைக் கருவேலமும். அவற்றைக் கண்டுபிடிக்க ராடார் தேவையில்லை.)

காய்ந்த நிலா, உறைந்த செவ்வாய்

பூமியிலேயே இவ்வளவு வறண்ட இடம் அபூர்வம் என்றால், நிலாவும் செவ்வாயும் முழுக்க முழுக்க அப்படித்தான். கொலம்பியாவுக்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1972 டிசம்பரில், அப்பல்லோ 17 சுற்றுக்கலம் நிலாவை நோக்கி 5, 15, 150 மெகாஹெர்ட்ஸ் என மூன்று அலைவரிசைகளில் ராடார் வீசியது. பதிவு முழுவதும் புகைப்படச் சுருளில். ஊர் திரும்பும் வழியில் ரான் எவன்ஸ் விண்வெளியில் வெளியே இறங்கி அந்தச் சுருளை எடுத்துக்கொண்டு வந்தார். கடல் என்று பெயர் வைத்திருக்கும் நிலாச் சமவெளிகள் சிலவற்றின் அடியில், ஒரு கிலோமீட்டர் அளவு ஆழத்தில், எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக உறைந்திருப்பதை அது காட்டியது.

பனிக்கட்டியின் பொறுமையை நிலாவுக்கும் முன்பே அண்டார்டிகாவில் கண்டிருந்தார்கள். கடுங்குளிரில் உறைந்த நீரில் அயனிகள் அலைய முடியாது. அதனால் அலையை விழுங்க ஆளில்லை. விமானத்தில் கட்டிய ராடார் பல கிலோமீட்டர் பனியைத் துளைத்து அடிப்பாறையைக் காட்டியது. சில இடங்களில் எதிரொலி வழக்கத்தைவிடப் பளிச்சென்று, மேசைபோல் தட்டையாக வந்தது: ஏரி! ஏறக்குறைய நான்கு கிலோமீட்டர் பனிக்கு அடியில் கிடக்கும் வோஸ்டோக் ஏரி அவற்றில் பெரியது. பளிச்சென்ற, தட்டையான எதிரொலி வந்தால் அடியில் நீர் என்ற பாடத்தை அங்கேதான் படித்தார்கள். பிற்பாடு செவ்வாயில் சண்டைக்கு வித்திட்டதும் இந்தப் பாடம்தான்.

ஐரோப்பிய விண்வெளி முகமையின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் 2003-ல் கிளம்பியது. அதிலுள்ள மார்சிஸ் ராடாருக்கு 20 மீட்டர் நீளத்தில் இரண்டு கண்ணாடியிழைக் குழல்கள் அலைவாங்கி. மடித்து வைத்த குழல்கள் விரியும்போது சவுக்குபோல் சுழன்று விண்கலத்தையே அடித்துவிடுமோ என்று பயந்து, செவ்வாயை அடைந்த பிறகும் ஓராண்டுக்கு மேல் விரிக்காமலே வைத்திருந்தார்கள். 2005 மே மாதம் முதல் குழலை விரித்தபோது 13 கணுக்களில் 12 மட்டும் பூட்டிக்கொண்டன. குளிரில் விறைத்த ஒரு கணுவை வெயில் படும்படி விண்கலத்தைத் திருப்பிக் காயவைத்து நேராக்கினார்கள். வற்றலைப் புரட்டிப் போடுகிற நம் பாட்டிகளுக்கு இந்த வைத்தியம் புதிதல்ல.

அந்த ராடார் தென் துருவப் பனி அடுக்கின் அடிவரை பார்த்தது. சில இடங்களில் தடிமன் 3.7 கிலோமீட்டர். அந்தப் பனி முழுவதும் உருகினால் செவ்வாய் முழுவதையும் 11 மீட்டர் உயரத்துக்கு மூடும் என்று 2007-ல் கணக்கிட்டார்கள். மறு ஆண்டு, மார்ஸ் ரெகனைசன்ஸ் ஆர்பிட்டர் என்ற விண்கலத்தில் இருக்கும் ஷராட் என்ற ராடார், துருவத்திலிருந்து வெகுதூரத்தில் கல்லும் மண்ணும் மூடிய மலைச்சரிவுகளுக்கு அடியிலும் பனியாறுகள் ஒளிந்திருப்பதைக் காட்டியது. இந்த இடம் வரை சர்ச்சை இல்லை.

2018 ஜூலையில் இத்தாலிய அறிவியலாளர் ரொபெர்த்தோ ஒரோசெய் குழுவினர் வெளியிட்ட செய்திதான் சித்தப்பாவைப் பிடித்த செய்தியின் ஊற்று. 2012 முதல் 2015 வரை மார்சிஸ் ஒரே இடத்தை 29 முறை பார்த்ததில், ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் சுமார் 20 கிலோமீட்டர் அகலத்துக்குப் பளிச்சென்ற, தட்டையான எதிரொலி வந்தது. அண்டார்டிகா பாடத்தின்படி அது ஏரி. ஆனால் அந்த ஆழத்தில் குளிர் நீரின் உறைநிலையைவிட ஏறக்குறைய 70 பாகை கீழே. உறையாமல் இருக்க வேண்டுமானால் அது கடும் உப்பு நீராக இருந்தாக வேண்டும். அப்போதே பலர் புருவத்தை உயர்த்தினார்கள்.

2021-ல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஐசக் ஸ்மித்தும் மற்றவர்களும் ஸ்மெக்டைட் வகைக் களிமண்ணை எடுத்துச் செவ்வாயின் குளிருக்கு ஆறவைத்து அதன் மின்பண்பை அளந்தார்கள். சொட்டு நீர்கூடத் திரவமாக இல்லாத நிலையிலும், உறைந்த களிமண்ணே அத்தகைய பளிச்செதிரொலியைத் தரும் என்பது அவர்கள் முடிவு. செவ்வாயின் தென் துருவப் பகுதியில் அவ்வகைக் களி இருப்பதும் ஏற்கனவே தெரிந்த செய்தி.

ஸ்மெக்டைட் என்பது ஒரு குடும்பப் பெயர். மாண்ட்மோரில்லோனைட் அந்தக் குடும்பத்தின் உறுப்பினர். திருமங்கலத்துக் கரிசலில் ராடாரைக் குருடாக்கும் மண்ணின் பங்காளிதான், அங்கே நீர் என்று ராடாரை ஏமாற்றியிருக்கக் கூடும் என்கிறார்கள்! இந்த இடத்தைப் படித்தபோது சித்தப்பாவுக்குத் தொலைபேசி செய்தேன். "அங்கேயும் கரிசலா?" என்று மட்டும் கேட்டார்.

களிதான் என்று வழக்கும் முடிந்துவிடவில்லை. எரிமலைப் பாறையாக இருக்கலாம் என்றார்கள் சிலர். மெல்லிய அடுக்குகளில் அலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எதிரொலியைப் பெருக்கிக் காட்டுகின்றன என்றார்கள் வேறு சிலர். 2025-ல் ஷராட் குழுவினர் ஒரு வித்தை செய்தார்கள். விண்கலத்தின் உடலே மறைக்காமல் ராடார் தரையைப் பார்க்கும்படி, கலத்தை 120 பாகை உருட்டினார்கள். அதுவரை எதிரொலியே கிடைக்காத அந்த இடத்திலிருந்து முதல் முறையாக ஒன்று வந்தது, மங்கலாக. அடியில் நீர் இருந்தால் அது பளிச்சென்று வந்திருக்க வேண்டும். ஏரிக் கட்சி இப்போது தளர்ந்திருக்கிறது என்பதே என் கணிப்பு. ஒரு விஷயத்தில் ஏரிக் கட்சியைக் குறை சொல்ல மாட்டேன்: அவர்கள் பார்த்த எதிரொலி உண்மை. அதற்கு வைத்த பெயரில்தான் தகராறு.

கீழடியில் தெரிவது புருவம்

பெயர் வைப்பதில் உள்ள இந்தச் சிக்கலை நம் ஊருக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது கீழடி. 2014-15-ல் அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் மத்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வை, 2018-லிருந்து தமிழ்நாடு தொல்லியல் துறை தொடர்கிறது. எங்கே குழி போடுவது என்று தீர்மானிக்க, தரை ஊடுருவும் ராடாரையும் காந்தமானியையும் அங்கே பயன்படுத்தியிருக்கிறார்கள். கை வண்டிபோல் தள்ளிக்கொண்டு போகும் கருவி அந்த ராடார். சில நூறு மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை.

அதன் திரையில் உறைகிணறோ செங்கல் சுவரோ அப்படியே தெரியாது. தெரிவது புருவம்போல் வளைந்த கோடுகள். காரணம் எளிது: வண்டி ஒரு பொருளை நெருங்கும்போது எதிரொலி வரும் நேரம் குறைகிறது, நேர் மேலே நிற்கும்போது மிகக் குறைவு, தாண்டிப் போனால் மறுபடி கூடுகிறது. அதை வரைந்தால் கவிழ்த்த வளைவு. உறைகிணற்றின் விளிம்பும் புருவம்தான். தடித்த மரவேரும் புருவம்தான். பெரிய கல்லும் அப்படியே. கீழடி ஒரு தென்னந்தோப்பு என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தப் படங்களைப் படிக்கிறவர்களின் பாடு புரியும். இந்த அகழாய்வில் 353 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த கரியின் காலம் கி.மு. 580 என்று கணிக்கப்பட்டது. அதைச் சொன்னது கதிரியக்கக் கரிமக் கணிப்பு. இங்கே ஏதோ இருக்கிறது, தோண்டிப் பார் என்பதற்கு மேல் ராடாருக்குப் பேச்சில்லை. சகாராவிலும் கடைசியில் மண்வெட்டிதான் சாட்சி சொன்னது.

செயற்கைக்கோள் நிலத்தடி நீரைக் காட்டும் என்று யாராவது சொன்னால் இதையெல்லாம் நினைவில் வைத்துக்கொள்ளலாம். 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசார் செயற்கைக்கோளில், 12 மீட்டர் வலைக்குடையோடு இரண்டு ராடார்கள் உள்ளன; ஒன்றின் அலைநீளம் 24 சென்டிமீட்டர். ஏறத்தாழ அதே அலைநீள ராடார் சந்திரயான்-2 சுற்றுக்கலத்திலும் இருக்கிறது. நிலாவின் காய்ந்த புழுதியில் அது சில மீட்டர் இறங்கும். நம் வயலில் நிசார் அளப்பது மேல்மண்ணின் ஈரத்தை, சில சென்டிமீட்டர் ஆழம். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சி ஓர் ஊர் தாழ்ந்தால், அந்தத் தாழ்வை அது சென்டிமீட்டர் கணக்கில் சொல்லும். எங்கே போர் போடலாம் என்று சொல்லாது.

அப்படியானால் சித்தப்பாவுக்கு என்னதான் வழி? பழைய வழி ஒன்று இருக்கிறது, மின்தடைச் சோதனை. ஒரே கோட்டில் நான்கு இரும்புக் கம்பிகளை மண்ணில் அடித்து, வெளிக்கம்பிகள் வழியே மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகளுக்கு இடையே மின்னழுத்தத்தை அளப்பார்கள். கம்பிகளை விலக்க விலக்க மின்சாரம் ஆழமாகப் பாய்ந்து வரும். முழுப் பாறை மின்சாரத்தைத் தடுக்கும். நீர் நிரம்பிய வெடிப்போ சிதைந்த பாறையோ இருந்தால் தடை குறையும். ராடாரைக் கொல்லும் அதே மின்கடத்தல்தான் இதற்குத் தீனி.

மாசி மாதம் ஒரு நிலவியலாளரை அழைத்துப் போனேன். வெயில் ஏறுவதற்குள் கம்பிகளை மூன்று இடங்களில் நட்டு எடுத்தார். சித்தப்பா ஒவ்வொரு எண்ணையும் தம் பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதிக்கொண்டார். கிழக்கு மூலையில், 180 அடியை ஒட்டி மின்தடை நன்றாகச் சரிந்திருந்தது.

"தண்ணீர்தானே ஐயா?" என்று கேட்டார் சித்தப்பா.

நிலவியலாளர் கம்பியில் ஒட்டியிருந்த கறுப்பு மண்ணைக் கட்டைவிரலால் வழித்துக்கொண்டே, "தண்ணீராகவும் இருக்கலாம், களியாகவும் இருக்கலாம். இரண்டும் இப்படித்தான் காட்டும்" என்றார்.

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். போர் வண்டிக்கு இன்னும் சொல்லி அனுப்பவில்லை.